நம்ம தறியே இங்கிலீஷ் வாத்தியார்!



வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம்ம தெருவில் தறியைப் பார்த்து, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? பாவு, ஊடை, நாடா எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனா வாய் திறக்காது! தொழில் தெரிந்த நாம் சும்மா நிற்போம். தெரியாதவர் யாராவது தப்பும் தவறுமாக விளக்குவார். நம்மிடம் இல்லாதது அறிவு அல்ல, நாலு சொல்தான்!

அந்தச் சொற்கள் இதோ:

தறி – லூம்
பாவு – வார்ப்
ஊடை – வெஃப்ட்
நாடா – ஷட்டில்
நெய்வது – வீவ்
சாயம் போடுவது – டை

நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வரும் அல்லவா? அதனால்தான் இரண்டு இடங்களுக்கு நடுவே போய்வரும் பஸ்ஸுக்கும் ஷட்டில் என்று பெயர். நாம் மட்டையால் அடிக்கும் ஷட்டில்காக்கும் அப்படித்தான்!

ஒரு சொல் தெரிந்தால் இன்னொன்று கூடவே வரும். வீவ் செய்பவர் வீவர். டை செய்பவர் டையர். டீச் செய்பவர் டீச்சர். ஆனா உஷார்! சமைப்பவர் குக், குக்கர் என்றால் பாத்திரம்!

அகராதியை மொத்தமா மனப்பாடம் பண்ண வேண்டாம். தினமும் ஐந்தே சொல் போதும். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்லுங்க: "மை ஃபாதர் வீவ்ஸ் சில்க் சாரீஸ்." மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்க. மறந்ததை மட்டும் மறுபடி எழுதுங்க.

தப்பாகிவிடுமோ என்று வெட்கமா? இங்கிலீஷே நம்மகிட்ட கடன் வாங்கியிருக்கு! கட்டுமரம்தான் கேட்டமரான். சுருட்டுதான் செரூட். மிளகுத்தண்ணிதான் முல்லிகட்டானி. உச்சரிப்பு மாறியதற்காக அவங்க வெட்கப்படவில்லையே!

1909-ல் நம்ம ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அறிஞர் அண்ணா. இங்கேயே பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1962-ல் மாநிலங்களவை உறுப்பினராகி, அங்கே ஆங்கிலத்தில் பேசிப் புகழ் பெற்றார். 1968-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவித்தது. தமிழிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை!

எனவே நண்பர்களே, நாளைக்கு யாராவது கேட்டால் ஓடி ஒளியாதீங்க. "திஸ் இஸ் எ லூம்" என்று தைரியமா ஆரம்பிங்க. மீதி தானா வரும்!