பாபிலோன் என்னும் பெயர்

மகாநகரம் ஒன்று அழிந்தபின் எஞ்சுவது மண்மேடுதான். பாபிலோனுக்கோ மண்மேட்டோடு ஒரு பெயரும் எஞ்சியது. நகரத்தைவிட அப்பெயருக்கே ஆயுள் அதிகம்.

கி.மு. 586ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைத் தகர்த்து, யூதரின் ஆலயத்தைத் தீக்கிரையாக்கிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, முதன்முறை சிறைப்பட்டவர்கள் அங்கே வாடிக்கொண்டிருந்த காலத்தில், தீர்க்கதரிசி எரேமியா செய்த காரியம் ஒன்று வேதாகமத்தில் காணப்படுகிறது. பாபிலோனுக்கு வரவிருக்கும் கேட்டையெல்லாம் ஒரு சுருளில் எழுதி, செராயா என்பவனிடம் கொடுத்தார். அந்நகரில் அதை வாசித்தபின் ஒரு கல்லைக் கட்டி ஐபிராத்து நதியில் எறிந்துவிட வேண்டும். சுருள் அமிழ்வதுபோல நகரமும் அமிழும் என்பது பொருள்.

அதே எரேமியா சிறைப்பட்டோருக்கு எழுதிய நிருபமோ, வீடு கட்டித் தோட்டம் போட்டு, வாழும் நகரத்தின் நலனுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லுகிறது! அடிமைப்படுத்தும் அதிகாரம் வேறு, அடுத்த வீட்டு மனிதர் வேறு என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தே நாம் உணர வேண்டும்.

கி.மு. 539ல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். ஆனால் இடித்துத் தள்ளவில்லை. கி.மு. 323ல் அலெக்ஸாந்தர் உயிர் துறந்ததும் அங்கேதான். பின்னரே நகரம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1899 முதல் 1917 வரை அகழ்ந்த ஜெர்மானியர் கோல்டிவே கண்டெடுத்த செங்கற்களில் நேபுகாத்நேச்சாரின் பெயர் பொறித்திருந்தது.

இதற்குள் பெயர் வேறிடம் குடியேறிவிட்டது. கி.பி. 70ல் ரோமர் எருசலேம் ஆலயத்தை மறுபடி எரித்தனர். அதன்பின் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்னும் நூல், ஏழு மலைகள்மேல் வீற்றிருக்கும் நகரத்தைப் பாபிலோன் என்றே அழைத்தது. ரோமாபுரியை நேரே பெயர் சொல்லிப் பழிப்பது எளிதா என்ன? அங்கும் ஒரு தேவதூதன் எந்திரக்கல் போன்ற பெருங்கல்லைக் கடலில் எறிகிறான். செராயாவின் கல்தான் அது! நகரம் வீழ்ந்ததும் வர்த்தகர்கள் விலைபோகாத சரக்குகளை எண்ணி அழுகிறார்கள். அப்பட்டியல் பொன்னில் தொடங்கி, மனித உயிர்களில் முடிகிறது.

பிற்காலத்தார் தத்தம் பகைவருக்கெல்லாம் இப்பெயரைச் சூட்டினர். 1520ல் மார்ட்டின் லூத்தர், ரோமத் திருச்சபையைக் கண்டித்த நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். பிறர்மேல் எறிவதற்கு இது எளிய கல். ஆனால் தீர்க்கதரிசனம் கேட்கும் கேள்வி நம் வாயிற்படிக்கும் வருகிறது: நமது செல்வத்தின் பட்டியலில் மனிதன் எந்த வரியில் நிற்கிறான்? கடைசி வரியில் என்றால், பாபிலோனைத் தேடி ஐபிராத்து நதிக்கரைக்குப் போகவேண்டியதில்லை.