பனிக்காலத்தில் பாய்லர் நின்றுவிட்டால்...

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்ந்தவர்களுக்குச் சுடுதண்ணீர் என்றால் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அது பழுதானால் இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சமாளித்துவிடலாம். பிரிட்டனில் கதையே வேறு. அங்கே பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கேஸ் பாய்லர், குழாயில் சுடுதண்ணீர் தருவதோடு எல்லா அறைகளையும் சூடாக்குகிறது. ஜனவரியில் அது நின்றால் ஓர் இரவுக்குள் வீடே குளிர்ந்துபோகும்.

மேற்படிப்புக்கும் வேலைக்கும் பிரிட்டன் செல்லும் நம் பிள்ளைகளில் பலர் செப்டம்பரில் போய் இறங்குகிறார்கள். கம்பளிச் சட்டை, மிளகாய்த்தூள், ரைஸ் குக்கர் என்று பார்த்துப் பார்த்துப் பெட்டி கட்டி அனுப்புகிறோம். வாடகை வீட்டுச் சாவியோடு அவர்கள் பொறுப்பில் வந்து சேரும் பாய்லரைப் பற்றி மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

பாய்லரில் வரும் கோளாறுகளில் பல சிறியவை. வீட்டில் இருப்பவரே சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். வேறு சில உயிருக்கே ஆபத்தானவை. உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாரும் அவற்றில் கைவைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு பாய்லரின் வெளிமூடி. மூடிக்கு வெளியே இருப்பதைப் பார்க்கவும் பராமரிக்கவும் நீங்கள் கற்றுக்கொள்ளலாம். மூடியைத் திறக்கும் வேலை பொறியாளருடையது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இன்று பரவலாக இருப்பது ‘காம்பி’ வகை பாய்லர். சமையலறை அலமாரிக்குள் அடங்கிவிடும் அளவுதான். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்ததும் உள்ளே கேஸ் பற்றிக்கொள்ளும். ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சூடாகிக் குழாய்க்குப் போகும். தனியாகத் தொட்டி கிடையாது.

அறைகளைச் சூடாக்கும் தண்ணீர் வேறு. அது மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது. பாய்லர் அதைச் சூடாக்க, ஒரு பம்ப் அதை ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு அதே தண்ணீர் மறுபடியும் பாய்லருக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று சீராக நடக்க, குழாய்க்குள் போதிய அழுத்தம் இருக்க வேண்டும். காற்றோ துருவோ அடைத்துக்கொள்ளக் கூடாது. கோளாறுகளில் பாதிக் கதை இதிலேயே அடங்கிவிடும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

பாய்லர் வேலை செய்யவில்லை என்றதும் பதற வேண்டாம். முதலில் வேறு மின்சாதனங்களும் கேஸ் அடுப்பும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மாணவர்கள் தங்கும் வீடுகள் சிலவற்றில் முன்கட்டண மீட்டர் இருக்கும். அதில் பணம் தீர்ந்தால் கேஸ் வராது. சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். நேரம் குறிக்கும் டைமரை யாராவது மாற்றியிருக்கலாம்.

அடுத்து அழுத்தமானியைப் பாருங்கள். பாய்லரின் முகப்பிலோ அடியிலோ இருக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது முள் 1 பாரிலிருந்து 1.5 பார் வரை நிற்பதே பொதுவான நிலை. மிகவும் இறங்கிவிட்டால் பல பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும். பாய்லருக்குக் கீழே பெரும்பாலும் பின்னல் போட்ட சிறு குழாய் ஒன்றும் அதில் வால்வுகளும் இருக்கும். பாய்லரை அணைத்து, அது ஆறிய பிறகு, வால்வுகளை மெதுவாகத் திறந்தால் முள் ஏறும். 1.5 பாரைத் தாண்டவிடாமல் வால்வுகளை இறுக மூடிவிடுங்கள். மாடலுக்கு மாடல் முறை மாறும் என்பதால், கையேட்டைப் பார்த்தோ வீட்டு உரிமையாளரைக் கேட்டோ செய்வது நல்லது.

ஆண்டுக்கு ஓரிரு முறை இப்படி நிரப்புவதில் தவறில்லை. வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ தண்ணீர் கசிகிறது என்று பொருள். புதுத் தண்ணீர் சேரும்போதெல்லாம் ஆக்ஸிஜனும் உள்ளே போய் ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும்.

மூன்றாவது, ரேடியேட்டர். தொட்டுப் பாருங்கள். கீழே சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, மேல் ஓரத்தில் உள்ள திருகை அதற்குரிய சிறு சாவியால் அரைத் திருப்பு தளர்த்தினால் ‘உஸ்’ என்று காற்று வெளியேறும். கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் துளிர்த்ததும் மூடிவிட்டு, அழுத்தமானியை மறுபடியும் பாருங்கள். காற்று வெளியேறும்போது அழுத்தம் குறைவது இயல்பு.

உறைந்துபோகும் வெள்ளைக் குழாய்

கடுங்குளிர் இரவு முடிந்து காலையில் பாய்லர் நின்றிருந்தால், ‘களகள’ என்ற சத்தமும் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வீட்டுக்கு வெளியே போகும் ஒரு பிளாஸ்டிக் குழாயை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் புதிதாகப் பொருத்தப்படும் கேஸ் பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, ‘கண்டென்சிங்’ வகையாக இருக்க வேண்டும். கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. பழைய பாய்லர்கள் அதைப் புகையோடு வெளியே விட்டன. புதியவை அந்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. மிஞ்சும் தண்ணீர் அந்தப் பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனால் அந்தச் சொட்டு குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாததால் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

2010 டிசம்பர், பிரிட்டனில் நூறு ஆண்டுகளில் காணாத குளிர் மிகுந்த டிசம்பர். அந்த மாதம் வீடு வீடாக நடந்தது இதுதான். 2018 மார்ச் மாதக் கடும் பனியிலும் இதே கதை. பொறியாளர்களைத் தொலைபேசியில் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

வைத்தியம் எளிது. குழாய் தரையில் நின்றபடி எட்டும் உயரத்தில் இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்றுங்கள். சுடுநீர்ப் பையை வைத்தும் இளக்கலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும். பனிக்கட்டி உருகியதும் பாய்லரின் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் உறைந்து வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். குழாய் உயரத்தில் இருந்தால் பனியில் ஏணி போட்டு ஏறாதீர்கள்.

சத்தத்திலும் சூட்டிலும் தெரியும்

சில அறிகுறிகளைப் பார்த்தாலே எந்தப் பக்கம் கோளாறு என்று ஊகிக்கலாம். பொறியாளரிடம் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னால், அவரும் உரிய பாகத்தோடு வந்து சேருவார்.

ரேடியேட்டர் மேலே சூடாகவும் அடியில் குளிர்ச்சியாகவும் இருந்தால் துருச்சேறு தங்கியிருக்கிறது. சாவியால் இதைச் சரிசெய்ய முடியாது, குழாய்களைக் கழுவ வேண்டும். பாய்லர் கெட்டில் போலக் கொதிக்கும் சத்தம் போட்டால் உள்ளே சுண்ணாம்புப் படிவு சேர்ந்திருக்கலாம். லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் தண்ணீர் கடினமானது என்பதால் இது அங்கே சகஜம். குழாயில் சுடுதண்ணீர் வந்து ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை என்றால், தண்ணீரைத் திசைதிருப்பும் வால்வு சிக்கியிருக்க வாய்ப்புண்டு. ஹீட்டிங் போட்டதும் அழுத்தம் 3 பார் வரை ஏறி, அணைத்ததும் பூஜ்யத்துக்கு இறங்கினால், தண்ணீர் விரிவதைத் தாங்கிக்கொள்ளும் கலத்தில் காற்று குறைந்திருக்கும். இவை எல்லாமே பொறியாளர் கவனிக்க வேண்டியவை.

மூடியைத் திறக்காதீர்கள்

யூடியூபில் பாய்லர் பழுதுபார்ப்பதைக் காட்டும் காணொளிகள் ஏராளம். பார்த்தால் எளிதாகத்தான் தோன்றும். ஆனால் கேஸ் சரியாக எரியாமல் போனாலோ, புகைபோக்கி அடைபட்டாலோ, கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகி வீட்டுக்குள் பரவக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்று அதில் வாடை சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அந்த வசதி கிடையாது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டிக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்கிறது.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு ஆகியவையே தொடக்க அறிகுறிகள். காய்ச்சல் இல்லாத ஃபுளூ மாதிரி இருக்கும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே சந்தேகப்படுங்கள். எரியும் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிவதும், பாய்லரைச் சுற்றிக் கரி படிவதும் எச்சரிக்கைகள்தாம். பாய்லரை அணைத்து, சன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேறுங்கள். கேஸ் அவசர உதவிக்கு 0800 111 999 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் 999.

பாய்லர் நின்ற இரவில் அறையைச் சூடாக்கக் கரி அடுப்பையோ பார்பெக்யூவையோ உள்ளே கொண்டுவருவது பெரிய ஆபத்து. அதுவும் இதே வாயுவைத்தான் வெளியிடும். சிறிய மின்சார ஹீட்டர் ஒன்று கைவசம் இருந்தால் போதும்.

பிரிட்டனில் கேஸ் பொறியாளர்கள் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009ல் பழைய ‘கோர்கி’ பதிவுக்குப் பதிலாக இது வந்தது. வருபவரிடம் புகைப்பட அட்டையைக் கேட்டுப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அதன் பின்பக்கத்தில் இருக்கும். கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். தெரிந்த அண்ணன் ஒருவர் பாதி விலைக்குச் செய்துதருவார் என்றாலும், அவரிடம் அட்டை இல்லையென்றால் வேண்டாம்.

வாடகை வீட்டில் யார் பொறுப்பு?

வீட்டு உரிமையாளர் என்ன நினைப்பாரோ என்று பயந்து, குளிரைப் பொறுத்துக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் உண்டு. சட்டம் வாடகைக்கு இருப்பவர் பக்கம் நிற்கிறது. 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டு உரிமையாளர் தம் கேஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் புதிதாகக் குடிவருவோருக்கு முன்கூட்டியே தர வேண்டும். ஏற்கெனவே குடியிருப்போருக்குச் சோதனை முடிந்த 28 நாளுக்குள் தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறுகிய கால வாடகை வீடுகளில் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் பழுதில்லாமல் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துவதும் அவர் பொறுப்பு.

பழுது என்றால் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். தேதி, அழுத்தமானியின் படம், திரையில் தெரியும் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி.

குளிர் வருமுன் செய்யலாம்

சொந்த வீடு வாங்கியவர்கள் ஆண்டுக்கொரு முறை சர்வீஸ் செய்வதைத் தவறவிடக் கூடாது. பல பாய்லர்களின் உத்தரவாதம் அதைப் பொறுத்தே நீடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் செய்தால் பொறியாளர் எளிதில் கிடைப்பார். கோடையிலும் மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் ஹீட்டிங்கை ஓடவிட்டால் பம்ப் இறுகிப்போகாது.

காசு மிச்சப்படுத்தவும் ஒரு வழி உண்டு. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு பல வீடுகளில் 70, 80 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கும். காம்பி பாய்லரில் அதை 60 டிகிரிக்கு இறக்கலாம். திரும்பிவரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவியின் வெப்பத்தைப் பாய்லரால் பிடிக்க முடியும். வீடு சூடாகச் சற்று நேரம் கூடும், கேஸ் குறைவாகச் செலவாகும். தனியே சுடுநீர்த் தொட்டி உள்ள வீடுகளில் மட்டும் இப்படிக் குறைக்கக் கூடாது. தொட்டித் தண்ணீர் 60 டிகிரியில் இல்லாவிட்டால் லெஜியனெல்லா கிருமி வளரும்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள், கேஸ் மிச்சம் என்று ஹீட்டிங்கை முழுவதும் அணைத்துவிட்டு வரக் கூடாது. உறையும் தண்ணீர் சுமார் 9 விழுக்காடு விரிந்து குழாயைப் பிளந்துவிடும். உருகும்போது வீடே வெள்ளக்காடாகும். தெர்மோஸ்டாட்டை 12 முதல் 15 டிகிரியில் வைத்துவிட்டு, முன்கட்டண மீட்டரிலும் பணம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளை புதுவீட்டில் குடியேறும் வாரத்தில், சாப்பிட்டாயா என்று கேட்கும்போது இந்த நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்: கேஸ் சான்றிதழ் கைக்கு வந்ததா? தண்ணீரையும் கேஸையும் நிறுத்தும் வால்வுகள் எங்கே இருக்கின்றன? அழுத்தமானி என்ன காட்டுகிறது? அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பார்த்தாயா? அலாரம் இல்லையென்றால் உரிமையாளரிடம் கேட்கட்டும். அதுவரை காத்திருக்காமல் கடையில் ஒன்று வாங்கி வைத்துவிடுவது இன்னும் நல்லது. விலை சுமார் 20 பவுண்டுதான்.