முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்துங்கள்!

வண்டி டேங்க்குக்குள் இருக்கும் சின்ன மிதவை நமக்குச் செய்யும் காவல்

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், அந்தச் செய்தி கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்துவிடும். 'வெயில் காலத்தில் டேங்க்கை நிரப்பாதீர்கள், வெடித்துவிடும். பாதி டேங்க் மட்டும் போடுங்கள்' என்று இந்தியன் ஆயில் நிறுவனமே எச்சரிப்பதாக அதில் இருக்கும். அந்த நிறுவனம் 2022-ல் இதை மறுத்து விளக்கம் கொடுத்தது. வண்டித் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அதிகபட்ச அளவு வரை கோடையோ குளிரோ எப்போதும் நிரப்பலாம் என்பதே அதன் சாரம்.

இதில் 'குறிப்பிட்டிருக்கும் அளவு வரை' என்பதுதான் முக்கியம். நம் பக்கத்தில் இரண்டு விதமாகவும் தவறு நடக்கிறது. சிலர் பயந்துகொண்டு பாதி டேங்க் போட்டு, அறுவடை நேரத்தில் நடுவழியில் நிற்கிறார்கள். சிலர் கழுத்து வரை ததும்பத் ததும்ப ஊற்றச் சொல்கிறார்கள். பூ மூட்டையோடு மாட்டுத்தாவணிக்குப் போகும் மொபெட், காய்கறி ஏற்றும் மினி வேன், உழவு டிராக்டர் என எல்லாவற்றிலும் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தொடும் எரிபொருள்தான் ஓடுகிறது. உரச் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் நாம் இதற்கும் பார்க்க வேண்டும்.

கண்மாய்க்கு மறுகால் போல

எந்தக் கண்மாயிலும் கரையின் உச்சி வரை தண்ணீர் தேக்குவதில்லை. கரைக்குச் சில அடி கீழேயே கலிங்கு வைத்து மறுகால் பாயவிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர். அலை அடிக்கவும், திடீர் வெள்ளம் வந்தால் தாங்கவும் அந்த இடைவெளி வேண்டும். வைகை அணையின் நீர்மட்டம் 71 அடி. ஆனால் 66 அடியிலேயே முதல் வெள்ள எச்சரிக்கை வந்துவிடுகிறது. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை விடுத்து உபரி நீரைத் திறக்கிறார்கள்.

பெட்ரோல் டேங்க்குக்கும் இப்படி ஓர் இடைவெளி தேவை. காரணம், சூடேறினால் பெட்ரோல் விரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு மில்லி கூடும். டீசல் கொஞ்சம் குறைவு, சுமார் 0.8 மில்லி.

பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் 30 டிகிரியில் இருந்த பெட்ரோலை 10 லிட்டர் போடுகிறீர்கள். வண்டியை வெயிலில் நிறுத்துகிறீர்கள். டேங்க் 50 டிகிரிக்குப் போனால், 10 லிட்டர் 10.2 லிட்டராகிறது. கூடிய 200 மில்லி, ஒரு தம்ளர் அளவு. அதற்கு டேங்க்குக்குள் இடம் இல்லையென்றால் வெளியே வழியத்தான் செய்யும். 60 லிட்டர் டீசல் பிடிக்கும் டிராக்டரில் இதே 20 டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கூடும்.

வெயில் சூட்டால் மட்டும் பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்காது. அதற்கு 250 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும். ஆனால் வழிந்த பெட்ரோல் ஆவியாகி, காற்றைவிடக் கனமாக இருப்பதால், தரையோடு தங்கும். அதன் அருகில் ஒரு பீடி நெருப்போ, வயரிங் பொறியோ போதும். 'டேங்க் வெடிக்கும்' என்ற பயம் பொய். வழிந்த பெட்ரோலால் வரும் ஆபத்து நிஜம்.

மிதவை எதை அடைக்கிறது?

வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் பால் வால்வை எல்லோரும் பார்த்திருப்போம். தண்ணீர் ஏற ஏறப் பந்து மேலே வரும், கம்பி திரும்பி, தண்ணீர் வரும் குழாயை அடைத்துவிடும். மாட்டுத் தொட்டியிலும் இதைப் பொருத்துகிறார்கள்.

கார், மினி வேன் போன்றவற்றின் டேங்க்கிலும் மிதவை வால்வு உண்டு. ஆனால் அது அடைப்பது பெட்ரோல் வரும் வழியை அல்ல, காற்று போகும் வழியை.

ஒரு குடத்தைக் கவிழ்த்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாததால் தண்ணீர் உள்ளே ஏறாது. இதே தத்துவம்தான். டேங்க்குக்குள் பெட்ரோல் விழும்போது, உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் மேலே உள்ள ஒரு துளை வழியாக வெளியேறுகின்றன. அந்தத் துளைக்குக் கீழே ஒரு சிறு கூண்டில், பெட்ரோலில் மிதக்கும் பிளாஸ்டிக் மிதவை இருக்கிறது. பெட்ரோல் உரிய மட்டத்துக்கு வந்ததும் மிதவை மேலே எழும்பித் துளையை அடைத்துவிடும். மிச்சக் காற்று டேங்க்கின் மேல்பகுதியில் சிக்கிக்கொள்ளும். விரிவதற்கான இடம் அதுதான்.

காற்று போக வழியில்லாததால், ஊற்றும் பெட்ரோல் டேங்க்குக்குள் இறங்காமல் நிரப்பும் குழாயில் மேலே ஏறுகிறது. அங்கேதான் பங்க் நாசிலின் வேலை தொடங்குகிறது. நாசில் மூக்கின் நுனி அருகே ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் ஓடும் வேகத்தால் அந்தத் துளை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஏறி வந்து துளையை மூடியதும் காற்று கிடைக்காமல் உள்ளே ஒரு சவ்வு இழுபடும். உடனே 'டக்' என்று பிடி விடுபட்டு ஓட்டம் நிற்கும். மின்சாரமோ கணினியோ இந்த வேலைக்குத் தேவையில்லை.

வேறொரு காவலும் உண்டு. வண்டி வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டால், காற்றுத் துளை வழியாகப் பெட்ரோல் வெளியே கொட்ட வேண்டும் அல்லவா? டேங்க் தலைகீழானதும் மிதவை தன் எடையாலும் அதோடு உள்ள ஸ்பிரிங்கின் உந்துதலாலும் துளையை அடைத்துவிடும். சில வண்டிகளில் இதற்கெனத் தனி வால்வு இருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது 'டக்' ஏன் கூடாது?

முதல் 'டக்' சத்தத்துக்குப் பிறகு சிறிது பொறுத்தால், குழாயில் நின்ற பெட்ரோல் மெதுவாக உள்ளே இறங்கும். 'இன்னும் பிடிக்குதே' என்று தோன்றும். 487 ரூபாயில் நின்றதை 500 ஆக்க, பணியாளரும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். அப்படி ஊற்றுவது நேராக அந்தக் காற்று இடத்தை நிரப்புகிறது. கலிங்கில் மணல் மூட்டை அடுக்கிக் கண்மாயில் கூடுதல் தண்ணீர் தேக்குவது போன்ற காரியம் இது.

பெட்ரோல் வண்டிகளில் இன்னொரு நட்டமும் உண்டு. டேங்க்கிலிருந்து வரும் ஆவியை வீணாகக் காற்றில் விடாமல் பிடித்துவைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் கரித்தூள் ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இன்ஜின் ஓடும்போது அதை இழுத்து எரித்துக்கொள்ளும். இருசக்கர வண்டிகளுக்கு 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4 விதிகளோடு இது வந்தது. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.-6 வண்டிகளிலும் தொடர்கிறது.

மதுரை வண்டிகளுக்கும் கரிக்கும் பழைய உறவு உண்டு. 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகளைக் கரிவாயுவில் ஓட்டும் கலனைத் தயாரித்தது. அன்று பெட்ரோலுக்கு மாற்றாக நின்ற கரி, இன்று பெட்ரோல் ஆவியைச் சேமித்துக் கொடுக்கிறது.

இந்தக் கரிப்பெட்டிக்கு ஆவி மட்டும்தான் போக வேண்டும். கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோலே உள்ளே புகுந்து கரி நனைந்துவிடும். பிறகு பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, நிற்கும்போது இன்ஜின் துடிப்பது, பெட்ரோல் வாடை, மைலேஜ் குறைவு என ஒவ்வொன்றாக வரும். 13 ரூபாய்க்குக் கூடுதலாக ஊற்றியது, மெக்கானிக் செலவில் போய் முடியும்.

இருசக்கர வண்டிக்கு

பைக், ஸ்கூட்டர், மொபெட் டேங்க்குகள் சிறியவை. பெரும்பாலும் பணியாளர் நாசிலைக் கையில் தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார்த்துத்தான் ஊற்றுகிறார். அதனால் தானியங்கி நிறுத்தம் வேலை செய்யாமல் போகலாம். இங்கே நாம்தான் மிதவை வால்வு.

மூடியைத் திறந்து பாருங்கள். டேங்க் வாயிலிருந்து ஒரு கழுத்து உள்ளே இறங்கியிருக்கும். அந்தக் கழுத்தின் அடி விளிம்போடு பெட்ரோல் நிற்க வேண்டும். கழுத்துக்குள் பெட்ரோல் தெரியக் கூடாது. வண்டியோடு வந்த கையேடும் இதைத்தான் சொல்லும். அதிகாலையில் டேங்க்கை நிரப்பி, பகல் முழுதும் சந்தையில் வெயிலில் நிறுத்துபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

டிராக்டருக்கு

டீசல் எளிதில் ஆவியாகாது. அதனால் டிராக்டரில் பொதுவாகக் கரிப்பெட்டி இருப்பதில்லை. காற்று போய்வர மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு சிறு துளை இருக்கும். சேறும் தூசியும் அதை அடைத்தால் டீசல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, உழவின் நடுவே இன்ஜின் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் காரணம் இதுதான். ஊசியால் குத்திப் பெரிதாக்காதீர்கள். டீசலில் கழுவி, காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

மூடி தொலைந்ததும் பாலித்தீன் பையைக் கட்டி ஓட்டுவதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். இறுக்கிக் கட்டினால் காற்று போகாது. தளர்த்திக் கட்டினால் தூசியும் மழைத் தண்ணீரும் டீசலில் கலந்து பம்ப்பைக் கெடுக்கும். உங்கள் மாடலுக்கு உரிய மூடியையே வாங்குங்கள்.

டீசலை வேலை முடிந்த மாலையில், இன்ஜின் ஆறிய பிறகு நிரப்புவது நல்லது. டேங்க் காலியாகக் கிடந்தால் இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் ஈரக்காற்று வேர்த்துத் தண்ணீராகும். நிரப்பும்போது விளிம்புக்குச் சில விரற்கடை கீழே நிறுத்திவிடுங்கள். மேலூர் பக்கம் நெல் அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும் சமயத்தில், வழிந்த டீசலில் வைக்கோல் தூசி ஒட்டி, சூடான சைலன்சரை ஒட்டிக் கிடந்தால் டிராக்டரும் போர்வையாய்க் கிடக்கும் வைக்கோலும் ஒருசேர எரிய வாய்ப்புண்டு.

ஸ்பிரேயர், பம்ப்செட் மிதவை

பெட்ரோலில் ஓடும் சில சிறிய பம்ப்செட், களை எடுக்கும் கருவி, பழைய மொபெட் ஆகியவற்றின் கார்புரேட்டரிலும் ஒரு மிதவை உண்டு. இது மாடித் தொட்டி மிதவையைப் போலவே பெட்ரோல் வரும் வழியை ஓர் ஊசியால் அடைப்பது. ஊசிக்கடியில் தூசி சிக்கினால் அடைப்பு சரியாக விழாது. நிறுத்திவைத்த கருவியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படிச் சொட்டினால் உடனே பெட்ரோல் காக்கை மூடுங்கள். கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து கழிவை ஒரு கலனில் பிடியுங்கள். பிறகும் சொட்டினால் மெக்கானிக்கிடம் காட்டி ஊசியை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் காக்கை மூடும் பழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: அதிகாலையில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?

பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெரிதாக மாறாது. இதற்காக விடியலில் ஓட வேண்டாம்.

கேள்வி: கையேட்டில் 9 லிட்டர் டேங்க் என்று இருக்கிறது. பங்க்கில் 9.5 லிட்டர் பிடித்ததாகக் காட்டுகிறது. ஏமாற்றா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. காற்றுக்கான இடத்தை விட்டுவிட்டுத்தான் தயாரிப்பாளர் அளவு சொல்கிறார். கழுத்து வரை ஊற்றினால் அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். சந்தேகம் இருந்தால் பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதிக்கப்படும். மீறினால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

கேள்வி: முதலிலேயே, டேங்க் காலியாக இருக்கும்போதே நாசில் 'டக் டக்' என்று நிற்கிறதே?

காற்று போகும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது மிதவை மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஓட்டத்தைக் குறைத்து, நாசிலின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். வேறு வேறு பங்க்கிலும் அப்படியே நடந்தால் கோளாறு வண்டியில்தான். பணிமனையில் காட்டுங்கள்.

கேள்வி: தெரியாமல் கழுத்து வரை நிரப்பிவிட்டால்?

வெயிலில் நிறுத்தாதீர்கள், சாய்த்தும் நிறுத்தாதீர்கள். வழிந்ததைத் துடைத்து, வாடை போன பிறகு சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். மட்டம் தானாக இறங்கிவிடும்.

அடுத்த முறை பங்க்கில் 'ரவுண்டாப் போட்டுடவா?' என்று கேட்டால், 'போதும் தம்பி, டக்குன்னதும் நிறுத்திருங்க' என்று சொல்லிவிடுங்கள். சில்லறையைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம்.