நோயாளி ஏறும் காரில் மணமின்மையே நன்மணம்

கீமோதெரபிக்கு வருவோரில் சிலர், காரை விட்டு இறங்கும்போதே வாந்தி எடுப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அன்றைய மருந்து ஏற்றப்படுவதற்கு முன்பே இப்படி நேர்கிறது. கேட்டால், காரில் ஏறியது முதலே அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்பர். இது வெறும் மனப்பிரமை அன்று. முந்தைய சிகிச்சைகளில் உண்டான குமட்டலை மூளை ஏதேனும் ஒரு மணத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னர் அம்மணம் எழுந்தாலே குமட்டலும் எழுகிறது. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் காரில் தேங்கிய வாடை பெருந்தொல்லையாகும்.

இத்தகைய வேளையில் குடும்பத்தார் முதலில் நாடுவது நறுமணப் புட்டியையே. அதனை வேண்டா என்பதே எங்கள் அறிவுரை. நறுமணம் கெட்ட வாடையை நீக்குவதில்லை, மூடி மறைக்கிறது. அடுத்த பயணத்தில் அந்த நறுமணமே குமட்டலைத் தூண்டக்கூடும். சாம்பிராணிப் புகையும் ஊதுவத்தியும் மூச்சிரைப்பை மிகுவிக்கும். பாச்சை உருண்டையின் ஆவி, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லது. எனவே நாம் நாட வேண்டியது மணமின்மையே.

முதலில் வாடையின் மூலத்தைக் கண்டறிய வேண்டும். மேட்டுகளை எடுத்து வெயிலில் உலர்த்துங்கள். இருக்கைகளின் அடியிலும் டிக்கியிலும் தேடுங்கள். சிந்திய பால், மறந்துபோன உணவுப் பொட்டலம், ஈரக் குடை, டாஷ்போர்டில் வாடிப்போன மல்லிகைச் சரம் ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வாந்தியோ சிறுநீரோ பட்ட இருக்கையைக் கையுறை அணிந்தே தூய்மை செய்க. கீமோதெரபி முடிந்த 48 மணி நேரம் வரை நோயாளியின் கழிவுகளில் மருந்தின் எச்சம் இருக்கக்கூடும் என்பதால் அந்நாட்களில் இது மிகவும் இன்றியமையாதது. முதலில் தாளால் வழித்து எடுத்து, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ஈரம் பஞ்சுக்குள் இறங்கிவிடும். பின்னர் மென்மையான சோப்புநீரால் துடைத்து, உலர்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு, மறுநாள் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். வாந்தியின் புளித்த வாடைக்குக் காரணம் அமிலங்கள். சோடா அவற்றை எளிதில் ஆவியாகாத உப்புகளாக மாற்றுவதால் வாடை அடங்குகிறது. சிறுநீர்க் கறைக்கு நொதி கலந்த துப்புரவுத் திரவம் ஏற்றது. பிளீச்சிங் கரைசலை வினிகரோடு கலக்கவோ சிறுநீர் பட்ட இடத்தில் ஊற்றவோ கூடாது. நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு எழும்.

ஏசியைப் போட்டவுடன் புழுங்கிய வாடை வந்தால், உள்ளிருக்கும் குளிர்விப்பானில் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் படர்ந்திருக்கலாம். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது குளிரூட்டலை நிறுத்தி, மின்விசிறியை மட்டும் ஓட விட்டால் அந்த ஈரம் உலரும். ஏசி ஃபில்டரை, காரின் கையேடு கூறும் கால அளவில் மாற்றிவிடுங்கள். வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கும் உறுப்புமாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பூஞ்சைத் துகள்கள் ஆபத்தானவை. ஆகவே இப்பணி நடக்கும்போது நோயாளி அருகில் இருக்கலாகாது.

சில வாடைகள் எச்சரிக்கைகள். பெட்ரோல் நெடி, ரப்பர் கருகும் நாற்றம், ரேடியேட்டர் நீர் கசிவதால் வரும் இனித்த வாடை ஆகியவற்றை உணர்ந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கோ வாடையே இல்லை. இரவில் துணைக்கு வந்தவர்கள், கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை ஓட விட்டுக் காரில் உறங்குவதுண்டு. புகை உள்ளே கசிந்தால் உறக்கத்திலேயே உயிர் பிரியும். எத்துணைக் களைப்பாக இருந்தாலும் இதனைச் செய்யாதீர்கள்.

சிகிச்சை நாளில், நோயாளி ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கதவுகள் நான்கையும் திறந்து வையுங்கள். ஓட்டுபவர் சென்ட் பூசாமலும் புகைபிடிக்காமலும் இருத்தல் நலம். வாடகைக் காராயின் முன்பதிவு செய்யும்போதே இதனைச் சொல்லிவிடுங்கள், தயக்கம் வேண்டா. ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பைகள் இரண்டு, ஒரு துண்டு, குடிநீர் ஆகியவை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் காரில் ஏறும்போதே குமட்டல் வருமாயின், அதனைத் தாங்கிக்கொண்டு இருந்துவிட வேண்டாம். அடுத்த சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். புறப்படுமுன் உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன. வழியில் வரும் துன்பத்திற்கு அஞ்சி ஒருவரும் தம் சிகிச்சை நாளைத் தவறவிடலாகாது.