இடுப்பு பெல்ட் அணிந்தால் கூடுதல் எடை தூக்க முடியுமா?

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஆலைகளில் ஷிப்ட் மாறும் வேளையில் சாலை முழுவதும் நிறுவனப் பேருந்துகளாகவே தெரியும். அவற்றிலிருந்து இறங்கும் இளைஞர்களில் பலர் நேராக அறைக்குச் செல்வதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் கடைகளின் மேல்மாடிகளில் இயங்கும் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்கின்றனர். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த உடல், அங்கே மீண்டும் எடை தூக்கத் தொடங்குகிறது.

அவர்களில் சிலர் பின்னர் எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வருகின்றனர். தோள்வலி, மணிக்கட்டு வலி, கீழ்முதுகு வலி ஆகியவையே பெரும்பாலும் காரணம். பையிலிருந்து அகலமான தோல் பெல்ட்டை எடுத்துக் காட்டி, "இதைப் போட்டுக்கொண்டால் பெஞ்ச் பிரஸ்ஸில் இன்னும் பத்து கிலோ ஏற்றலாம் என்கிறார்கள், உண்மையா டாக்டர்?" என்று கேட்கின்றனர். உடன் வரும் தாயோ மனைவியோ கேட்பது வேறு: "இதைக் கட்டிக்கிட்டுத் தூக்கினா முதுகுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" இரண்டும் வெவ்வேறு கேள்விகள். விடைகளும் வெவ்வேறு.

எண்ணை உயர்த்தும் சட்டை

முதல் கேள்விக்கு விடை, எந்த உபகரணம் என்பதைப் பொறுத்தது. பவர்லிஃப்டிங் எனப்படும் வலுதூக்கும் போட்டிகளில் 'பெஞ்ச் ஷர்ட்' என்றொரு சட்டை உண்டு. சாதாரணச் சட்டையைப் போல அதை ஒருவர் தாமே மாட்டிக்கொள்ள முடியாது. இருவர் சேர்ந்து இழுத்து மாட்டிவிட வேண்டும். தடித்த, விறைப்பான துணியால் கைகள் முன்னோக்கி நீண்டிருக்கும்படி தைக்கப்பட்டிருக்கும். எடைக் கம்பியை மார்புக்கு இறக்கும்போது அத்துணி வில்லின் நாண் போல இழுபடுகிறது. மேலே தள்ளும்போது அந்த இழுவிசை கையுடன் சேர்ந்து தள்ளுகிறது. குறைந்த எடையில் இச்சட்டையுடன் படுத்தால் கம்பி மார்பைத் தொடவே செய்யாது.

இது தரும் வேறுபாடு சிறியதன்று. எந்தச் சட்டையும் இன்றி அமெரிக்கரான ஜூலியஸ் மாடக்ஸ் 2021இல் பெஞ்ச் பிரஸ்ஸில் தூக்கியது 355 கிலோ. சட்டையுடன் ஜிம்மி கோல்ப் என்னும் மற்றோர் அமெரிக்கர் 2023இல் தூக்கியது 612.5 கிலோ. மனிதத் தசை இரண்டு ஆண்டுகளில் அவ்வளவு மாறிவிடவில்லை. இவ்வேறுபாட்டை விளையாட்டு அமைப்புகளும் அறிந்தே உள்ளன. பன்னாட்டு வலுதூக்கும் கூட்டமைப்பு, உபகரணங்கள் அனுமதிக்கப்படும் பிரிவு ஒன்றும், இடுப்பு பெல்ட், மணிக்கட்டுப் பட்டை, முழங்கால் உறை போன்ற சிலவற்றை மட்டுமே அனுமதிக்கும் 'கிளாசிக்' பிரிவு ஒன்றும் எனத் தனித்தனியே போட்டிகள் நடத்துகிறது. சாதனைப் பட்டியல்களும் தனித்தனியே உள்ளன.

நம் பகுதி உடற்பயிற்சிக் கூடங்களில் பெஞ்ச் ஷர்ட்டைக் காண்பது அரிது. அதன் எளிய உறவினர் ஒன்று மட்டும் இணையக் கடைகள் வழியாக வந்துவிட்டது: இரு முழங்கைகளுக்கும் மேலே மாட்டி, மார்புக்குக் குறுக்கே செல்லும் நெகிழ்பட்டை. 'ஸ்லிங்ஷாட்' என்பது அதன் வணிகப் பெயர். போட்டியாளர்களிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடை சராசரியாகச் சுமார் 20 கிலோ உயர்ந்தது. மேற்கையின் பின்புறத் தசையின் செயல்பாடோ குறைந்திருந்தது. எடை கூடியதற்கும் தசையின் வேலை குறைந்ததற்கும் காரணம் ஒன்றே. அந்த 20 கிலோ பட்டைக்குரியது. பட்டையைக் கழற்றியதும் அது அதனுடனேயே போய்விடும்.

எனவே இத்தகைய பட்டையைப் பயன்படுத்துவோர் தம் குறிப்பேட்டில் 'பட்டையுடன்', 'பட்டையின்றி' என இரண்டு கட்டங்கள் வரைந்து எழுதுமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். பட்டையுடன் தூக்கிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, மறுவாரம் பட்டையின்றி அதே எடையின்கீழ் படுப்பதே ஆபத்து.

மணிக்கட்டுப் பட்டை: ஒரு சும்மாடு

'ரிஸ்ட் ராப்' எனப்படும் மணிக்கட்டுப் பட்டை நல்ல துணைக்கருவி. கம்பியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டு பின்னோக்கி மடிந்துவிடாமல் அது தாங்குகிறது. போட்டி விதிகளின்படி அதன் நீளம் 1 மீட்டருக்கும் அகலம் 8 செ.மீ.க்கும் மிகக் கூடாது. தலைச்சுமை தூக்குவோர் துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாட்டை நம் வாசகர்கள் அறிவர். சும்மாடு மூட்டையின் எடையைக் குறைப்பதில்லை, தூக்குபவரின் வலுவைக் கூட்டுவதுமில்லை. எடை ஒரே இடத்தில் அழுந்தாமல் பார்த்துக்கொள்கிறது. மணிக்கட்டுப் பட்டை செய்வதும் ஏறத்தாழ அதுவே. மணிக்கட்டு வலியால் தயங்கித் தயங்கித் தூக்கியவர் பட்டை கட்டிய பின் சற்றுக் கூடுதலாகத் தூக்கக்கூடும். முன்பே இருந்த வலுவை வலி மறைத்து வைத்திருந்தது, அவ்வளவே. விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்க வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்.

இனி பெல்ட்டுக்கு வருவோம்

பெல்ட் எவ்வாறு உதவுகிறது என்பதை முதலில் காண்போம். மூச்சை இழுத்து அடக்கி வயிற்றை இறுக்கும்போது, மேலே உதரவிதானத்துக்கும் கீழே இடுப்புத்தளத் தசைகளுக்கும் இடையே வயிற்றுக்குள் அழுத்தம் உயர்கிறது. காற்றடைத்த டயர் வண்டியைத் தாங்குவது போல, அவ்வழுத்தம் முதுகெலும்பை முன்புறமிருந்து தாங்குகிறது. பெல்ட் கட்டியிருந்தால், வயிற்றுத் தசை எதிர்த்துத் தள்ள ஒரு சுவர் கிடைக்கிறது. உள்ளழுத்தம் இன்னும் உயர்கிறது. தோளில் எடையை ஏற்றி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் ஆகியவற்றில் பழகியவர்களுக்கு இது சற்று உதவுகிறது.

பெஞ்ச் பிரஸ்ஸில் நிலைமை வேறு. தூக்குபவர் மல்லாந்து படுத்திருக்கிறார். எடை கைகள் வழியாகத் தோளுக்கும், அங்கிருந்து நேராகப் பலகைக்கும் இறங்குகிறது. முதுகெலும்பு தூணாக நின்று சுமை தாங்க வேண்டிய தேவை அங்கே இல்லை. பெல்ட் எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்த வேலையே அங்கு மிகக் குறைவு. உடலை விறைப்பாக வைத்துக்கொள்ளவும் முதுகு வளைவைப் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது என்று தேர்ந்த வீரர்கள் சிலர் அணிகின்றனர், அதை மறுக்கவில்லை. இறுக்கமான பெல்ட் ஒரு துணிவையும் தருகிறது, துணிவும் சில நாட்களில் இரண்டு கிலோ கூட்டும். ஆனால் பத்து கிலோ கூட்டும் என்று சொல்லி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி, தாய்மார்கள் கேட்கும் கேள்வி. பெல்ட் முதுகைக் காக்குமா?

இதற்கான சிறந்த விடை உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து வரவில்லை. நம் பகுதியினர் அன்றாடம் காணும் வேலைக்களத்திலிருந்தே வந்தது. சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களிடையே இடுப்பு பெல்ட் 1990களில் அமெரிக்காவில் பெரிதும் பரவியது. அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் அதுவரை கிடைத்த சான்றுகளை ஆராய்ந்து, காயமற்ற தொழிலாளர் முதுகைக் காக்க பெல்ட் அணியுமாறு பரிந்துரைக்க இயலாது என்று 1994இல் அறிவித்தது. பின்னர் அதே நிறுவனம் 160 சில்லறை விற்பனைக் கடைகளில் பொருள் கையாளும் 9,377 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 89 கடைகளில் பெல்ட் கட்டாயம்; 71 கடைகளில் விருப்பம். முடிவு 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. முதுகுக் காயத்திற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலும் சரி, தொழிலாளர்கள் தாமே கூறிய முதுகுவலியிலும் சரி, நாள்தோறும் பெல்ட் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அதே நிறுவனம் கையால் பொருள் தூக்குவதற்கு வகுத்துள்ள கணக்கீட்டில், எல்லாச் சூழலும் மிகச் சாதகமாக இருந்தாலும் பரிந்துரைக்கப்படும் எடை வரம்பு 23 கிலோ மட்டுமே. பொருள் உடலை ஒட்டியும் கை தொங்கும் உயரத்திலும் இருக்கும்போது கிடைக்கும் வரம்பு அது. தரையிலிருந்து எடுத்தாலோ, இடுப்பைத் திருப்பினாலோ, நிமிடத்திற்குப் பலமுறை தூக்கினாலோ அவ்வரம்பு இன்னும் இறங்கும். பெல்ட் அணிந்தால் ஏறும் என்பதற்கு அக்கணக்கில் இடமே இல்லை. மாலையில் பெஞ்ச் பிரஸ்ஸில் 100 கிலோ தள்ளுகிறவருக்கும் இது பொருந்தும். மல்லாந்து படுத்துத் தள்ளும் வலு, குனிந்து பெட்டி எடுக்கும் முதுகுக்கு உதவுவதில்லை.

முதுகு வட்டு விலகியவர்களுக்கோ அறுவை செய்துகொண்டவர்களுக்கோ நாங்கள் எழுதித் தரும் மருத்துவ பெல்ட் முற்றிலும் வேறு. அது சில வாரங்களுக்கு அசைவைக் கட்டுப்படுத்தவும் வலியைக் குறைக்கவும் தரப்படுவது. அதைக் கட்டிக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். வீட்டில் உள்ளவர்கள் இதில் சற்றுக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மார்புத் தசை கிழியும்போது

தசையின் வலு கூடும் வேகத்தில் தசைநாணின் வலு கூடுவதில்லை. மார்புப் பெருந்தசை மேற்கை எலும்பில் சென்று ஒட்டும் தசைநாண் கிழிந்து வருவோரிடம் விசாரித்தால், மிகப் பலர் சொல்வது பெஞ்ச் பிரஸ். ஏறத்தாழ அனைவருமே ஆண்கள்; பெரும்பாலோர் 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள். கம்பி மார்பை நெருங்கும் தருணத்தில், தசை முழுதும் நீண்டும் இறுகியும் இருக்கும்போது அது அறுகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இடர் கூடுதல். அவ்வூசிகளைப் பற்றி எங்களிடம் மறைக்க வேண்டாம். நாங்கள் கேட்பது சிகிச்சைக்காகவே.

முழுதாக அறுந்த தசைநாணை அறுவை மூலம் எலும்பில் மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். பிறகு பல வாரங்கள் கை தூளியில் இருக்கும். கனமான எடையைத் தள்ள ஆறு மாதமாவது ஆகும். நம் பகுதித் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பணியின்போது நேர்ந்த காயத்திற்குத் தற்காலிக இயலாமைக் காலத்தில் ஊதியத்தின் 90 விழுக்காடு கிடைக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் நேர்ந்தது பணிக்காயம் அன்று. அதற்குக் கிடைக்கக்கூடியது நோய்க்கால உதவித்தொகை மட்டுமே: தகுதிக்கான சந்தா நாட்கள் நிறைந்திருந்தால் 70 விழுக்காடு, அதுவும் ஆண்டில் 91 நாட்கள் வரை. தசைநாண் கேட்கும் காலம் அதைவிட நீண்டது. ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தால் அந்த இடைவெளியில் வேலையே கைவிட்டுப் போகக்கூடும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் வண்டித் தவணையும் காத்திருப்பதில்லை. ஒரு பெல்ட்டையோ நெகிழ்பட்டையோ நம்பி ஏற்றிய பத்து கிலோவின் விலை சில நேரங்களில் இவ்வளவு.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தனியே ஒரு சொல். 1985இல் கனடாவில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற ஐந்து உடற்கட்டு வீரர்கள் இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளும்போது தமனிக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தனர். சராசரி 320/250 வரை சென்றது. மூச்சை அடக்கித் தள்ளுவதும் அதற்கு ஒரு காரணம். வயிற்றை இறுக்கும் பெல்ட் அவ்வாறு மூச்சடக்குவதை ஊக்குவிக்கிறது. கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் நீர் அழுத்த நோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெல்ட் கட்டி எடை தூக்கக் கூடாது. மற்றவர்களும் தள்ளும்போது மூச்சை விட்டுக்கொண்டே தள்ளலாம்.

தூக்க விரும்புவோர் செய்யக்கூடியவை

எடைப் பயிற்சியை நிறுத்துங்கள் என்று நாங்கள் கூறவில்லை. எலும்புக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அது நன்மை தருவது. காயத்திலிருந்து மீண்டு வருபவர் பெல்ட்டும் பட்டையும் இன்றி, வெறும் கம்பியிலிருந்து தொடங்கட்டும். முழு அளவுக் கம்பியின் எடை மட்டுமே 20 கிலோ. அதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பலர். கட்டைவிரல் கம்பியைச் சுற்றி இருக்கட்டும். பத்து முறை சிரமமின்றித் தள்ளக்கூடிய எடையிலேயே சில வாரங்கள் இருங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த காலையில் உச்ச எடையைச் சோதிக்க வேண்டாம். எவ்வளவு பழகியவராயினும் தலைமாட்டில் கம்பியைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் நிற்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் தடுப்புக் கம்பிகள் இருக்க வேண்டும். எந்த பெல்ட்டையும்விட இதுவே உயிர்காக்கும் உபகரணம், இதற்குச் செலவும் இல்லை.

மார்பிலோ அக்குளிலோ 'டப்' என்ற உணர்வு, பின்னர் மேற்கையில் பரவும் இரத்தக்கட்டு, அக்குளின் முன்மடிப்பு ஒருபுறம் மட்டும் மெலிந்து தெரிவது ஆகியவை தசைநாண் அறுந்ததற்கான அடையாளங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்; முதல் சில வாரங்களுக்குள் வந்தால் அறுவை எளிது. முதுகுவலியுடன் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, அன்றே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். மற்ற வலிகளுக்குப் புறநோயாளர் பிரிவு போதும். வரும்போது உங்கள் பெல்ட்டையும் மணிக்கட்டுப் பட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள்; எங்கே, எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறீர்கள் என்று கட்டிக் காட்டச் சொல்வோம்.