காலேஜ்ல மாஸ்... என்.எஃப்.எல்-ல பாஸா? கலக்கல் குவார்ட்டர்பேக்குகளின் கதை!

2012 நவம்பர் 10. அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் அப்போது நம்பர் ஒன் டீம் அலபாமா. அவர்களுடைய சொந்த கிரவுண்டிலேயே எதிர்த்து ஆடியது டெக்சாஸ் ஏ அண்ட் எம். அதன் குவார்ட்டர்பேக் ஜானி மன்ஸெல், ஓட வழி தேடி, தன் டீம் ஆள் முதுகிலேயே போய் மோதினார். பந்து கையைவிட்டு எகிறியது. அதை அந்தரத்தில் பிடித்து, மறுபக்கம் திரும்பி ஓடி, எண்ட் ஸோனில் நின்ற நண்பருக்கு எறிந்தார். டச் டவுன்! மேட்ச்சும் 29-24 என்று அவர்கள் பக்கம். யூடியூபில் இன்றைக்கும் பார்த்து வாயைப் பிளக்கலாம்.

ஃபுட்பால்னதும் மெஸ்ஸி ஞாபகம் வந்தா, ஸாரி ப்ரோ. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். இதில் குவார்ட்டர்பேக்தான் ஹீரோ. கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, இல்லை தானே ஓடுவதா... எல்லாவற்றையும் இரண்டரை, மூன்று விநாடிக்குள் முடிவு பண்ணணும். அதற்குள் நூறு கிலோ தாண்டிய ஆட்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் காலேஜ் ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மேன் டிராஃபி மன்ஸெலுக்குத்தான். ஃப்ரெஷ்மேனாக இருக்கும்போதே அதை வாங்கிய முதல் ஆள் அவர். 2014-ல் க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ் டீம் அவரை டிராஃப்டில் 22-வது ஆளாக எடுத்தது. முதல்முறையாக ஸ்டார்ட் செய்த மேட்ச்சில் சின்சினாட்டியிடம் 30-0 என்று தோல்வி. மொத்தம் எட்டே மேட்ச்தான் ஸ்டார்ட் செய்தார், அதில் இரண்டில்தான் ஜெயம். 2016 மார்ச்சில் டீம் அவரை அனுப்பிவிட்டது.

'பார்ட்டி, குடின்னு சுத்தினார், காலி ஆனார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பொய் இல்லை. ஆனா அது மட்டுமே காரணம்னா, ஒழுக்கமா இருந்த டிம் டீபோ ஏன் நிலைக்கவில்லை? ஃப்ளோரிடா யுனிவர்சிட்டிக்காக ஹைஸ்மேன், இரண்டு நேஷனல் சாம்பியன்ஷிப் எல்லாம் பார்த்தவர். 2011 சீஸனில் டென்வர் டீமை பிளே ஆஃப் வரை கொண்டுபோய், ஓவர்டைமின் முதல் பந்திலேயே 80 யார்டு டச் டவுன் எறிந்து பிட்ஸ்பர்க்கை வீட்டுக்கு அனுப்பினார். செம மாஸ். ஆனால், அந்த சீஸனில் அவர் எறிந்த பாஸ்களில் பாதிகூட நம்ம ஆள் கைக்குப் போய்ச் சேரவில்லை. 46.5 சதவிகிதம்தான். சில மாதங்களில் பேட்டன் மேனிங்கைக் கொண்டுவந்து, டீபோவை நியூயார்க் ஜெட்ஸுக்குத் தள்ளிவிட்டது டென்வர்.

விஷயம் இதுதான். நாம் கைதட்டும் அந்த ஓட்டமும் சுழலும், போட்ட பிளான் உடைந்த பிறகு நடப்பவை. காலேஜில் பிளான் உடைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். அங்கே முதல் டிவிஷனிலேயே 130 டீம்களுக்கு மேல். எல்லா டீமிலும் எல்லாரும் புலி கிடையாது. என்.எஃப்.எல்-ல மொத்தமே 32 டீம். உங்களைத் துரத்திவருபவரும் அவர் காலேஜின் ஸ்டார்தான். அங்கே சுலபமாகத் தாண்டிப்போன அந்த அரை அடி இடைவெளி இங்கே இருக்காது.

கிரவுண்டும் ரூலும்கூட மாறுகின்றன. கிரவுண்ட் அகலம் இரண்டு இடத்திலும் 160 அடிதான். ஆனால், பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே காலேஜில் 40 அடி, என்.எஃப்.எல்-ல 18 அடி 6 அங்குலம். காலேஜில் ஒரு ஓரக் கோட்டில் பந்து இருந்தால் மறுபக்கம் 100 அடி காலியாகக் கிடக்கும். ஓடத் தெரிந்தவனுக்கு அது ஹைவே. என்.எஃப்.எல்-ல அது 90 அடிகூட வராது.

இன்னொன்று, லைன்மேன்கள். ஓடப்போறாங்களா, எறியப்போறாங்களா என்பதை டிஃபென்ஸ் பெரும்பாலும் இவர்களைப் பார்த்துத்தான் யூகிக்கும். எறியும் ஆட்டத்திலும் இவர்கள் 3 யார்டு வரை முன்னே போகலாம் என்கிறது காலேஜ் ரூல். என்.எஃப்.எல்-ல 1 யார்டுதான். ஓடுற மாதிரி போக்குக்காட்டி டபக்கென எறிந்து ஏமாற்றும் வித்தையில் பாதி இங்கேயே போச்சு.

ஆக, எதிரணி எப்படி நிற்கிறது, யார் எங்கே வருவான் என்பதைப் பந்து கைக்கு வருமுன்பே படிக்கணும். அதற்கு மணிக்கணக்காக மேட்ச் வீடியோ பார்க்கணும். மன்ஸெல் வீடியோ பார்ப்பதே இல்லை என்று 2023-ல் வந்த நெட்ஃப்ளிக்ஸ் ஆவணப்படத்தில் அவரே ஒத்துக்கொள்கிறார். என்னைக் கேட்டால், பார்ட்டியைவிட அவரைக் கவிழ்த்தது இதுதான்.

அப்போ கலக்கல் ஆசாமிகளுக்கு என்.எஃப்.எல் கிடையாதா? பேட்ரிக் மஹோம்ஸைப் பாருங்கள். 2016-ல் ஓக்லஹோமாவுக்கு எதிராக ஒரே மேட்ச்சில் 734 யார்டு எறிந்தார். அப்படியும் அவர் டீம் டெக்சாஸ் டெக் 66-59 என்று தோற்றது! சைடில் எறிவார், ஒருபக்கம் பார்த்து மறுபக்கம் எறிவார். அப்பா பேஸ்பால் பிட்ச்சர், அந்த ரத்தம். 'ஸ்டைல் ஓகே, கன்ட்ரோல் இல்லை' என்ற சந்தேகம் அவர்மீதும் இருந்தது. 2017-ல் அவரை 10-வது ஆளாக எடுத்த கேன்சஸ் சிட்டி, உடனே களத்தில் இறக்கவில்லை. அனுபவசாலி அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் உட்காரவைத்தது. சீஸனின் கடைசி மேட்ச் மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் 50 டச் டவுன் பாஸ், எம்.வி.பி விருது. அப்புறம் மூன்று சூப்பர் பவுல். ஸ்டைலை யாரும் பிடுங்கவில்லை. அடியில் ஒரு ஃபவுண்டேஷன் போட்டார்கள்.

லமார் ஜாக்சன் கதை வேற. ஹைஸ்மேன் வாங்கியவரையே, 'நீ குவார்ட்டர்பேக் வேணாம், ரிசீவரா ஆடு' என்றார் பில் போலியன் என்ற அனுபவஸ்தர். லமார் மசியவில்லை. 2018-ல் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக அவரை எடுத்த பால்டிமோர், அவர் ஓட்டத்துக்கு ஏற்றமாதிரி ஆட்டத்தையே மாற்றி எழுதியது. 2019-ல் 1,206 யார்டு ஓட்டம், 36 டச் டவுன் பாஸ். எம்.வி.பி ஓட்டு 50-ம் அவருக்கே. 14 ஜெயம், 2 தோல்வி என்று வந்த டீம் பிளே ஆஃபின் முதல் மேட்ச்சிலேயே டென்னஸியிடம் மண்ணைக் கவ்வியது தனி சோகம்.

ஓட்டத்துக்கு உடம்பு விலை கொடுக்கும் என்பதையும் சொல்லணும். 2012-ல் ராபர்ட் கிரிஃபின் வாஷிங்டனின் செல்லப்பிள்ளை. முதல் வருடமே விருது. டிசம்பரில் அடிபட்ட முழங்காலோடு 2013 ஜனவரியில் பிளே ஆஃப் ஆடினார். லிகமெண்ட் கிழிந்தது. அந்தப் பழைய வேகம் திரும்ப வரவே இல்லை. அவர் வந்த அதே டிராஃப்டில், அதே டீம் நான்காவது சுற்றில் எடுத்த கிர்க் கஸின்ஸுக்கு எந்த ரீல்ஸ் புகழும் கிடையாது. ஆனால், 2018-ல் மினசோட்டாவிடம் மூன்று வருடத்துக்கு 8.4 கோடி டாலர், முழு கேரன்ட்டியோடு வாங்கினார்!

டீம் ஓனர்களுக்கு இந்தப் பயம் எவ்வளவு தெரியுமா? 2022-ல் அரிஸோனா டீம், குட்டையான ஆனால் மின்னல் வேகக் கைலர் மர்ரேவுக்கு 23 கோடி டாலருக்கு மேல் கான்ட்ராக்ட் கொடுத்தது. அதில் ஒரு ஷரத்து: மேட்ச் உள்ள வாரங்களில் நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்து படிக்கணும். அந்த நேரத்தில் வீடியோ கேம் ஆடினால் கணக்கில் சேராது. விஷயம் வெளியே வந்ததும் ஊரே சிரித்தது. சில நாள்களில் ஷரத்தைத் தூக்கிவிட்டார்கள்.