கறவைச் செம்மறியாடுகளின் பருவகால இனப்பெருக்கம்

கறவைச் செம்மறியாடுகளின் பருவகால இனப்பெருக்கம் என்பது, பாலுக்காக வளர்க்கப்படும் செம்மறியாடுகள் ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் சினைப்பருவம் அடைந்து கருத்தரிக்கும் இயல்பைக் குறிக்கும். குட்டி ஈனாத ஆடு பால் தருவதில்லை. ஆகவே, ஒரு பண்ணையில் எந்த மாதங்களில் பால் கிடைக்கும் என்பதை இவ்வியல்பே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. தென் பிரான்சின் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பகல் நீளமும் சினைப்பருவமும்

மிதவெப்ப மண்டலச் செம்மறியாடுகள் பகல் குறையும் இலையுதிர் காலத்தில் இனப்பெருக்கம் செய்பவை. சினைக்காலம் ஏறத்தாழ 5 மாதங்கள் ஆதலால், குட்டிகள் புல் தழைக்கும் இளவேனிலில் பிறக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் பெட்டை ஆடுகள் சுமார் 17 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் அடைகின்றன. அது ஒன்று அல்லது ஒன்றரை நாள் வரையே நீடிக்கும். பகல் நீளும் மாதங்களில் சினைச்சுழற்சி நின்றுவிடுகின்றது. இது சினையற்ற காலம் எனப்படும்.

இக்காலக் கணக்கை ஆட்டின் உடலுக்குத் தெரிவிப்பது மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியில் சுரக்கும் மெலடோனின் என்னும் இயக்குநீர் ஆகும். இது இருளில் மட்டுமே மிகுதியாகச் சுரக்கின்றது. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீள்கின்றது. இந்த நேர அளவைக் கொண்டே மூளை பருவத்தை அறிகின்றது. நீண்ட பகல் காலத்தில், சூலகத்தைத் தூண்டும் இயக்குநீர்களின் சுரப்பு மூளையின் கட்டுப்பாட்டால் குறைந்து, கருமுட்டை வெளியேற்றம் தடைப்படுகின்றது. 1949 இல் இங்கிலாந்தில் யேட்சு என்பவர் வெளியிட்ட ஆய்வில், செயற்கை ஒளியால் பகல் நீளத்தின் ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டபோது ஆடுகளின் இனப்பெருக்கக் காலமும் அதற்கேற்ப இடம் மாறியது.

சினையற்ற காலத்தின் நீளம் இனத்துக்கு இனம் வேறுபடும். மிகுந்த பால் தரும் வட செருமனியின் கிழக்கு ஃபிரீசிய ஆடுகளில் இது நீண்டது. மத்தியதரைக் கடல் பகுதி இனங்களில் பொதுவாகக் குறுகியது.

ரோக்ஃபோர் பகுதியின் நாட்காட்டி

ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி லாகோன் இன ஆட்டின் பச்சைப் பாலில் இருந்தே செய்யப்பட வேண்டும். இதன் பெயர் 1925 இல் பிரெஞ்சுச் சட்டத்தாலும், 1996 இல் ஐரோப்பிய ஒன்றியத்தாலும் பாதுகாக்கப்பட்டது. குளிர்காலம் முதல் கோடை வரை பால் கிடைக்க வேண்டுமாயின், ஆடுகள் நவம்பர், திசம்பர் மாதங்களில் ஈன வேண்டும். அதற்கு அவை சூன், சூலையில் கருத்தரிக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் அங்கே பகல் மிக நீளமாக, ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரமாக இருக்கும். ஆட்டின் இயற்கை நாட்காட்டியும் பாலாடைக்கட்டியின் நாட்காட்டியும் இங்கு முரண்படுகின்றன.

குட்டிகள் ஏறத்தாழ ஒரு மாதம் பால் குடித்த பின்னரே கறவை தொடங்குகின்றது. கோடையில் மந்தை முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வற்றவிடப்படுவதால், ஒரு சுழற்சி பிந்திச் சினையாகும் ஆடு 17 நாட்களின் பாலை இழக்கின்றது. சினையாகாத ஆடு அவ்வாண்டின் பால் முழுவதையும் இழக்கின்றது.

பருவத்தை மாற்றும் முறைகள்

கிடா விளைவு: கிடாக்களிடம் இருந்து சில வாரங்கள் முற்றிலும் பிரித்து வைக்கப்பட்ட பெட்டைகளிடையே கிடாக்களை விட்டால், அவற்றின் மணமும் நடத்தையும் சூலகத்தைத் தூண்டுகின்றன. இரண்டு, மூன்று நாட்களில் கருமுட்டை வெளிப்பட்டாலும் அப்போது சினை அறிகுறி தோன்றுவதில்லை. ஏறத்தாழ 18 முதல் 25 நாட்களுக்குள் பெரும்பாலான ஆடுகள் சினைப்பருவம் அடைகின்றன. இம்முறைக்குச் செலவு குறைவு. எனினும், சினையற்ற காலத்தின் நடுவில் இதன் பயன் குறையும்.

ஒளியும் மெலடோனினும்: குளிர்கால இறுதியில் கொட்டிலில் செயற்கை ஒளி கொண்டு சுமார் இரண்டு மாதங்கள் நீண்ட பகல் உண்டாக்கப்படுகின்றது. பின்னர் ஒளியைக் குறைத்தோ, காதின் தோலுக்கடியில் மெலடோனின் குளிகை பதித்தோ, இலையுதிர் காலம் வந்துவிட்டதாக உடலுக்கு உணர்த்தப்படுகின்றது. கிடாக்களையும் இவ்வாறு ஆயத்தப்படுத்துவதுண்டு. விந்து உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆவதால், இதை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

இயக்குநீர் முறை: புரோசெத்தரோன் வகை இயக்குநீர் தோய்ந்த கடற்பஞ்சு வடிவப் பொருள் யோனியில் 12 முதல் 14 நாட்கள் வைக்கப்படுகின்றது. அதை எடுக்கும்போது, சினைக் குதிரையின் குருதியில் இருந்து பெறப்படும் இயக்குநீர் ஊசி போடப்படுகின்றது. இரண்டு நாட்களுக்குப் பின்னர் மந்தை முழுவதற்கும் குறித்த நேரத்தில் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்யலாம். பெட்டை ஆட்டின் கருப்பை வாய் மடிப்புகள் நிறைந்து வளைந்திருப்பதால், அவ்வழியே செலுத்தப்படும் உறைய வைத்த விந்து குறைவாகவே பலன் தருகின்றது. எனவே லாகோன் ஆடுகளுக்குப் பெரும்பாலும் அன்றே எடுத்த விந்து பயன்படுத்தப்படுகின்றது. கிடா பால் தராது. அதன் தரத்தை அதன் மகள்களின் கறவையில்தான் அறிய முடியும். தேர்ந்த கிடாக்களின் விந்தைப் பல பண்ணைகளுக்கு வழங்கும் இம்முறையே இவ்வினத்தின் பால் அளவு உயர முக்கிய காரணமாகும்.

விமர்சனங்கள்

குதிரை இயக்குநீரைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் சில ஆடுகளில் எதிர்ப்பொருட்கள் உருவாகிக் கருத்தரிப்பு குறைகின்றது. 2015 முதல் இதற்காகத் தென் அமெரிக்காவில் குருதி எடுக்கப்படும் குதிரைகளின் நிலை குறித்து விலங்குநல அமைப்புகள் கண்டனம் எழுப்பின. 2021 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இதன் இறக்குமதியையும் உற்பத்தியையும் நிறுத்துமாறு கோரியது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி இயற்கைவேளாண் பண்ணைகள் செயற்கைமுறைக் கருவூட்டலைக் கையாளலாம். ஆனால் இனப்பெருக்கத்துக்கு இயக்குநீர் தரக் கூடாது. ஆகையால், கிடா விளைவோடு கருவூட்டலை இணைப்பது குறித்த ஆய்வுகள் முக்கியத்துவம் பெற்றுள்ளன.

வெப்ப மண்டலத்தில்

நிலநடுக்கோட்டை அணுகும்தோறும் பகல் நீளத்தின் மாறுபாடு குறைகின்றது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. ரோக்ஃபோரில் அது ஆறு மணி நேரத்துக்கும் மேல். எனவே வெப்ப மண்டல ஆடுகள் ஆண்டு முழுவதும் சினையாக வல்லவை. அங்கு கருத்தரிப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை மழை, மேய்ச்சல், வெப்பம் ஆகியனவாகும்.